நான்கு முட்டை வளர்ந்த மாதம்

என் செல்ல அக்கா,

சீசன் முடிந்து கொடைக்கானல் வெறிச்சோடிவிட்டது. சாக்லேட் கடையில் நான் மட்டும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சொல்ல வேறு ஆளில்லை.

எனக்குக் கருமுட்டை தானாக வளர்வதில்லையாம். நீ போன பிறகுதான் டாக்டரம்மா கண்டுபிடித்தார். மாதாமாதம் அதற்கு மாத்திரை, பிறகு வத்தலக்குண்டுக்கு இறங்கி ஸ்கேன். "இன்னும் வளரலம்மா" என்பதே பதில். மாத்திரையைக் கூட்டினார்கள். மலைப்பாதை வளைவுகளில் குமட்டலை அடக்கிக்கொண்டு தனியாகவே போய்வந்தேன். என் வீட்டுக்காரர் சேகருக்கு டூரிஸ்ட் ஜீப்பை விட்டு வரமுடியாது.

போன மாதம் டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு முட்டை வளந்திருக்கு" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மாத்திரை ஓவரா வேலை செஞ்சிருச்சு. இந்த மாசம் ரெண்டு பேரும் சேர வேண்டாம்மா. ரெண்டு, மூணுன்னு தங்கிட்டா உங்களுக்கும் ஆபத்து, புள்ளைங்களுக்கும் ஆபத்து."

இரட்டைப் பிள்ளை சுமந்த உன்னை, ரத்தம் நிற்காமல் ஆம்புலன்ஸில் கீழே கொண்டுபோன பாதையில்தான் திரும்பி ஏறினேன். பாதி வழியிலேயே நீ போய்விட்டாய். பிள்ளைகளும் தங்கவில்லை.

சேகரிடம் சொன்னேன். "ரெண்டா வந்தா நல்லதுதானே புள்ள? எத்தன நாளா ஏங்கிக் கெடக்கோம்!" என்றார். பொய் சொல்ல மாட்டேன் அக்கா, எனக்கும் அந்த ஆசை வந்தது.

"எங்க அக்காவ மறந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். கோபமா, பயமா? இன்றுவரை தெரியாது. அந்த வாரம் முழுக்க வயிறு உப்பி, கனத்துக் கிடந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்டது. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

பிறகு மாதவிலக்கு வந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். போனில் அம்மா, "குரல் ஏன் கம்மியிருக்கு?" என்றாள். சளி என்றேன். இரட்டை என்ற சொல்லை அவளிடம் எப்படி எடுப்பது?

இந்த மாதம் மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். நாளைக்கு ஸ்கேன். "வெள்ளனே கிளம்பி வெரசா வந்துரு" என்றார் சேகர். கூட வரட்டுமா என்று கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஒரே ஒரு முட்டை வளர்ந்திருந்தால் முதலில் உனக்குத்தான் சொல்வேன். வளராவிட்டாலும் சொல்வேன். ஆனால் ஒன்று சத்தியம் அக்கா: பிள்ளைக்காக என் உயிரைப் பணயம் வைக்கமாட்டேன். அம்மாவுக்கு மிச்சம் நான் ஒருத்திதான்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி