அளவெடுக்க ஆள் வேண்டும்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பாப்பாவும் அத்தையும் நலம். அத்தைக்குக் கண்தான் மங்கல், வாய்க்கு ஒரு குறையும் இல்லை. போனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் அறையில் கூட இருப்பவர் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, நீங்கள் கொடுத்தனுப்பிய பையைக் கொண்டுவந்து தந்தார். காபி குடித்து முடிக்கிறவரை வாயை இறுக்கி வைத்திருந்தார். நான்தான் விடவில்லை. மரம் அறுக்கும் இயந்திரத்தில் உங்கள் வலது கையில் மூன்று விரல்கள் போய் எட்டு மாதம் ஆகிறதாம். கடிதங்களை அவர்தான் எழுதித் தந்தாராம். ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லாமல் நீங்கள் எழுத ஆரம்பித்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். அவரைத் திட்டாதீர்கள். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டியது எதற்கென்றும் இப்போது புரிந்தது. அத்தையிடம் சொல்லவில்லை.

எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது. அது ஒரு பக்கம் கிடக்கட்டும். பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாடகக்காரர்களுக்கு முகமூடி செய்துகொண்டிருந்த எங்களுக்கு, விரல் இழந்தவர்களுக்குக் கையுறை மாதிரி மாட்டிக்கொள்கிற ரப்பர் கை செய்கிற வேலையும் இப்போது வருகிறது. தகரக் கூரை, சிமெண்ட் தரை. இந்த மலைக் குளிரில் கால் ஊன்றி நிற்க முடியவில்லை. ரப்பர் பால் உறைந்தால் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகிவிடும், பிறகு கொட்ட வேண்டியதுதான். அதனால் கேனுக்கு உங்கள் பழைய ஸ்வெட்டரைப் போட்டுவிட்டிருக்கிறேன். பால் கெடாமலிருக்கக் கலக்கும் அமோனியாவின் நெடி அதில் ஏறிவிட்டது. இனி அது உங்களுக்கு ஆகாது, கோபிக்காதீர்கள்.

போன மாதம் ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். பஸ் கதவில் நசுங்கியதில் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்களாம். அந்தக் கையால் சில்லறை நீட்டினால் சிலர் வாங்கத் தயங்குகிறார்களாம். அவர் அந்தக் கையைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுப்பதற்குள் முதலாளியம்மா இரண்டு டீ வாங்கித் தர வேண்டியிருந்தது. அச்செடுக்க ஐந்து விரலும் உள்ள கை வேண்டுமே, அவருடைய அண்ணன் தன் கையைக் கொடுத்தார். பிளாஸ்டர் இறுகும்வரை அசையக்கூடாது. சின்ன வயசுல இவனுக்கு ஒரு பென்சில்கூடக் குடுத்ததில்ல, இப்ப கையவே குடுக்குறேன் என்று அண்ணன் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

அச்சுக்குள் பாலை ஊற்றிச் சுழற்றி, மிச்சத்தைத் திருப்பி வடித்துவிட வேண்டும். ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது. வெயில் காலத்தில் சீக்கிரம் முடியும். இப்போது நான்கு நாள் ஆகிறது. உங்கள் நண்பர் வந்துபோன மறுநாள், கை ஓடாமல், முதல் கையைக் காயுமுன்னே உரித்துவிட்டேன். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிந்துவிட்டன. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். முதலாளியம்மா பார்த்தார். நெடி கண்ணைக் கரிக்குதும்மா என்றேன். கரிக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தார்.

இரண்டாவது கை, ஈரத்தில் சரியான நிறமாகத் தெரிந்து, காய்ந்ததும் கறுத்துப்போனது. மூன்றாவது அருமையாக வந்தது. நகம், முட்டிச் சுருக்கம், அண்ணன் கையிலிருந்த பழைய தழும்பு எல்லாம் அப்படியே. அதைச் செய்யும்போதே முடிவு செய்துவிட்டேன். உங்களுக்கும் ஒன்று செய்து, ஒரு வார்த்தை கேட்காமல் பார்சலில் அனுப்பிவிடுவது என்று.

கையை வாங்கிக்கொள்ளக் கண்டக்டர் தன் நாலு வயது மகளோடு வந்தார். மாட்டிப் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. முதலாளியம்மாவிடம் நாணயங்களை நீட்டி ஒத்திகைகூடப் பார்த்தார். கிளம்பும்போது குழந்தை வழக்கம்போல அந்தக் கையைப் பிடித்தது, உடனே விட்டுவிட்டது. இது ஜில்லுனு இருக்கு, என் கையக் குடுப்பா என்றது. அவர் எங்கள் யாரையும் பார்க்காமல் ரப்பர் கையைக் கழற்றிப் பையில் வைத்தார். மிச்சமிருந்த விரல்களைக் குழந்தை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இருவரும் தெருமுனையில் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் மாட்டுகிறாராம், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுகிறாராம். நேற்று வந்து அவரே சொன்னார்.

பார்சல் யோசனையை விட்டுவிட்டேன். ரப்பர் கை வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். வேண்டுமென்றால் நேரில் வரவேண்டும், அளவைக் கடிதத்தில் எடுக்க முடியாது. வேண்டாமென்றாலும் வாருங்கள். பாப்பாவின் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சாலையை அகலப்படுத்தியிருக்கிறார்கள், வண்டிகள் நிற்பதே இல்லை. காலையில் அவளைக் கைபிடித்து அக்கரை சேர்க்க ஆள் வேண்டும். ஏழரைக்கெல்லாம் நான் பட்டறையில் இருக்க வேண்டியிருக்கிறது.

வழிப்பயணம் நல்லபடியாக அமையட்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
வீட்டுக்காரி