எந்தத் துப்பாக்கி என்று சொல்

பெல்டன் க்ரீக், மான்டானா
9 செப்டம்பர் 1996

ஆர்விட்டுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்ட இந்த இரண்டு வருடத்தில் இதுதான் என் முதல் கடிதம். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. மலை மேல் போன் இல்லாமல் ஒரு மனிதன் குடியிருந்தால் வேறு எப்படித்தான் விசாரிப்பது?

விஷயம் இதுதான். எனக்கு ஒரு ஷாட்கன் வேண்டும். இருபத்தெட்டு வருடம் உன் துப்பாக்கிகளைக் கொட்டகையைத் தாண்டி வீட்டுக்குள் வர விடாதவள்தான் கேட்கிறேன், சிரித்து முடித்துவிட்டு மேலே படி. இந்தப் பக்கம் இப்போது திருட்டு அதிகம். கூப்பிட்டால் ஷெரிஃப் வந்து சேர முக்கால் மணி நேரமாகும்.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். "வாத்து சுடவா, மான் சுடவா?" என்று கேட்டான் கடைக்காரன். "ஆள்" என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டான். பிறகு, "அப்ப பன்னிரண்டு கேஜ் எடுங்கம்மா. சுடவே வேணாம், லோடு பண்ற சத்தத்துலயே ஓடிருவான்" என்றான். அங்கே காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு விவசாயி, "அவங்க தோளப் பாருய்யா. அதச் சுட்டா திருடன் நிப்பான், இவங்க விழுந்துருவாங்க" என்றார். இன்னொருவர் நாய் வாங்கச் சொன்னார். குழல் நீளம், ரவை எண், பம்ப், இரட்டைக் குழல் என்று ஆளுக்கொன்று சொல்லச் சொல்லத் தலை சுற்றியது. கடைசியில் வேலிக்கு ஒரு டப்பா பெயின்ட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு எது சரி என்று தெளிவாக எழுது. என்னைவிட நாலு விரல் உயரமான ஒரு பெண்ணுக்கும் அது பொருந்துமா என்றும் எழுது.

லோரீன்


ஸ்வான் மலை
15 செப்டம்பர்

அன்புள்ள லோரீன்,

சிரிக்கவில்லை. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

இருபது கேஜ் வாங்கு. எண் கூடினால் குழல் சிறுசு, பன்னிரண்டைவிட உதை குறைவு. வீட்டுக்குள் அதுவே தாராளம். முன்கட்டையை இழுத்து லோடு செய்யும் பம்ப் வகையாக எடு, கெட்டுப்போகச் சாமான் குறைவு. தோளில் வைக்கும் பின்கட்டையின் நீளம்தான் முக்கியம். குளிர்கால கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போ. கண்ணை மூடித் தோளில் வைத்து, கண்ணைத் திற. கழுத்தை நீட்டாமல் குழல் முனைக் குறி தெரிந்தால் அது உன் துப்பாக்கி. உயரமான பெண்ணுக்கும் ஆகும். நீளக் கட்டையைக் குட்டையான ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். வாங்கியதும் ஐம்பது தோட்டாவாவது சுட்டுப் பழகு. பழகாத துப்பாக்கி வீட்டில் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். பூட்டி வை.

ஆனால் என்ன திருட்டு, யார் வீட்டில்? நீ எழுதவே இல்லையே.

நம் ரஸ் இங்கே வந்து இரண்டு நாள் தங்கினான். மருமகன் என்று பெயர், எனக்கு அவன் மகனுக்கு மேல். ஆள் பாதியாக இளைத்துவிட்டான். நம் மகள் ஜானெல் மினியாபொலிஸில் தோழி வீட்டுக்குப் போய்விட்டாளாம், போனை எடுப்பதில்லையாம். சொல்லும்போதே அழுதுவிட்டான். என்ன சண்டை என்று கேட்டால் தனக்கே தெரியவில்லை என்கிறான். அவளிடம் நீயாவது பேசிப்பார்.

அவன் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பெயின்ட் வரை சிரித்தான். உயரமான பெண் என்ற இடத்தில், "அத மறுபடி படிங்க பெரியவரே" என்றான். படித்தேன். காபியை அப்படியே வைத்துவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டான்.

உன்
ஆர்விட்


பெல்டன் க்ரீக்
20 செப்டம்பர்

ஆர்விட்,

இங்கே திருட்டு எதுவும் இல்லை. அந்த உயரமான பெண் ஜானெல்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதியிலிருந்து என்னோடு இருக்கிறாள். கழுத்தெலும்பு உடைந்து, இடது கையைத் துணியில் தொங்கவிட்டபடி பஸ்ஸில் வந்து இறங்கினாள். மாடிப்படியில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறாள். என்னிடமும் இரண்டு நாள் அதையேதான் சொன்னாள். அவர்கள் வீட்டில் மாடியே கிடையாது என்பது மூன்றாவது நாள்தான் எனக்கு உறைத்தது. நான் எவ்வளவு மக்கு பார்.

ரஸ்தான். நாலு வருடமாக.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். போன ஜூலையில் உன் மலைக்கு வந்திருந்தபோதே உன்னிடம் சொல்லிவிட்டாளாம். நீ தூண்டில் முள்ளைக் கட்டிக்கொண்டே, "அவன எனக்குத் தெரியும்மா" என்றாயாம்.

உன் கடிதத்தை அவளும் படித்தாள். படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. எங்கே இருக்கிறாள் என்பதை அவனுக்கு நீயே படித்துக் காட்டிவிட்டாய். உன்மேல் கோபப்படுவதா, அப்படி எழுதிய என்மேல் கோபப்படுவதா என்று தெரியவில்லை.

துப்பாக்கி வாங்கிவிட்டேன், நீ சொன்ன வகைதான். பக்கத்துப் பண்ணை இன்கிரிட் பழக்கிவிடுகிறாள். தகர டப்பாக்களைச் சுடுகிறேன். ஒவ்வொரு தடவையும், அது ரஸ்ஸாக இருந்தால் விசையை அழுத்துவேனா என்று யோசிக்கிறேன். அவன் கல்யாணத்துக்குக் கேக் செய்தவள் நான். அழுத்துவேனா இல்லையா, தெரியவில்லை.

லோரீன்


ஸ்வான் மலை
25 செப்டம்பர்

லோரீன்,

இன்று காலை தபால் நிலையத்திலிருந்து உன்னைக் கூப்பிட்டு, ரஸ் கிளம்பிவிட்டான் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மீதியை வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆற்றில் என் கணுக்கால் முறிந்தபோது மூன்று மைல் என்னை முதுகில் சுமந்து வந்தவன் அவன். வழியெல்லாம் வேடிக்கைக் கதை சொல்லிக்கொண்டே வந்தான். அதே கையா என்று நினைக்கும்போது மூளை நின்றுவிடுகிறது. ஜானெல் என்னிடம் சொன்னதாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சரியாக நினைவில்லை.

நேற்று அவன் மறுபடி வந்தான். நேராகக் கேட்டேன், "நீ அவள அடிச்சியா?"

"எல்லா வீட்லயும் நடக்கறதுதான பெரியவரே. நீங்க அடிச்சதில்லையா?" என்றான்.

"இல்ல" என்றேன்.

"அப்ப நீங்க நல்லவரு" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தான். எங்கே போகிறான் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. விடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

உட்கார்ந்து யோசித்தது 1974-ஐ. தண்ணீர் பம்ப் ஷெட் கதவில் உன் தலை மோதியது. பனியில் வழுக்கி விழுந்ததாக உன் அம்மாவிடம் சொன்னாய். இத்தனை வருடமும் நானும் நீ வழுக்கித்தான் விழுந்தாய் என்று நம்பியிருக்கிறேன். ஆனால் அது ஜூன் மாதம், இல்லையா?

நான் அங்கே வரட்டுமா? சொல்.

ஆர்விட்


பெல்டன் க்ரீக்
1 அக்டோபர்

ஆர்விட்,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீ போன் செய்த மறுநாள், வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு வந்தான். அடுப்பில் பீச் பழம் கொதித்துக்கொண்டிருந்தது. ஜானெல் ஷெரிஃபுக்குப் போன் செய்ய உள்ளே ஓடினாள். நான் கதவைத் தாழிட்டுத் துப்பாக்கியை எடுத்து நின்றேன்.

"அம்மா, கதவத் திறங்க. பேசத்தான் வந்தேன்" என்றான். எவ்வளவு நல்ல குரல் அவனுக்கு. ஒரு நொடி என் கை தாழ்ப்பாள் பக்கம் போனது, பொய் சொல்லவில்லை.

கதவுக் கண்ணாடி வழியாகத் துப்பாக்கியைப் பார்த்தான். "சேஃப்டிய எடுத்தீங்களாம்மா?" என்று கேட்டான், பாடம் சொல்லிக் கொடுப்பதுபோல.

பொத்தானைப் பார்த்தேன். சிவப்பு தெரிந்தது. சிவப்பு என்றால் சுடுமா, சுடாதா? இன்கிரிட் நூறு தடவை சொல்லியிருந்தாள், எனக்கு மறந்தே போய்விட்டது. "எனக்குத் தெரியல ரஸ். உனக்கும் தெரியாது. உள்ள வந்தியானா ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுரும்" என்றேன்.

அவன் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டான். ஐம்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தான். பீச் பழம் அடிப்பிடித்தது. வந்த போலீஸ்காரரோடு மான் வேட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அவரும் சிரித்தார். புருஷன் பெண்டாட்டி சமாசாரம் என்று அனுப்பிவிடுவார்போல இருந்தது. அப்போது ஜானெல் வெளியே வந்தாள். தோளிலிருந்து சட்டையை விலக்கி எலும்பு கூடிய இடத்தைக் காட்டினாள். நாலு வருடத்தையும் நின்ற இடத்தில் சொன்னாள், குரல் நடுங்கவே இல்லை. அவர் தொப்பியைக் கழற்றி, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ரஸ்ஸை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன், சுடும் நிலையில்தான் இருந்திருக்கிறது.

ஆம், ஜூன் மாதம்தான். நான் வழுக்கவில்லை. நீ ஒருநாள் கேட்பாய் என்று இருபது வருடம் காத்திருந்து, அலுத்துப்போய்த்தான் தாளில் கையெழுத்துப் போட்டேன். இப்போது கேட்டுவிட்டாய். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வரட்டுமா என்று கேட்டாய். சும்மா வர வேண்டாம் என்கிறாள் ஜானெல். ரஸ்ஸின் வக்கீல், அவள் நாலு வருடமாக யாரிடமும் சொன்னதே இல்லை, இப்போது கதை கட்டுகிறாள் என்கிறாராம். என்னிடம் வருமுன் அவள் சொன்ன ஒரே ஆள் நீ. 21-ம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணை. அதைச் சொல்ல முடியுமானால் வா.

லோரீன்


ஸ்வான் மலை
6 அக்டோபர்

லோரீன்,

நினைவில்லை என்று நான் எழுதியது பொய். "அப்பா, அவன் என் கழுத்தப் பிடிச்சு, மூச்சு நிக்கற வரைக்கும் விடலப்பா" என்றாள். அவள் போட்டிருந்தது பச்சைச் சட்டை, காலர் கழுத்துவரை ஏறியிருந்தது. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் சொன்னது, நான் சொன்னது, இரண்டும் ஒரு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. அப்படியே சொல்கிறேன். அதன் பிறகு ரஸ் என் முகத்தில் விழிக்க மாட்டான். அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது, உன்னிடம் மறைக்கவில்லை.

உன் வீட்டுக்கு வர மாட்டேன். நகரத்தில் அறை எடுத்திருக்கிறேன். அன்று எட்டரை மணிக்கே கோர்ட் வாசலில் நிற்பேன். ஜானெல்லுக்கு என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், என்னைக் கடந்து உள்ளே போகட்டும். நான் பின்னாலேயே வருகிறேன்.

ஆர்விட்