பாயிசாவின் மாத்திரை அட்டை

அன்புள்ள உம்மாவுக்கு, மஸ்கட்டிலிருந்து சாபிரா ஸலாம் சொல்லி எழுதுவது. முட்டுவலி தேவலையா? நான் சுகமே.

நேற்று எங்கள் பார்லரில் ஒரு கூத்து. பத்து நாளைக்கொருமுறை தாடை முடி எடுக்க வரும் ரெம்யா டீச்சர், நாற்காலியில் இருந்தபடியே ஒரு மாத்திரையை விழுங்கினாள். கிழமை அச்சிட்ட அட்டை. “கல்யாணமே ஆகலையே, இது எதுக்கு டீச்சரே?” என்று கேட்டுவிட்டேன்.

தங்கை பாயிசாவைப் போலவே என்னை இத்தா என்று கூப்பிடும் அவள் சிரித்தாள். “புள்ளத்தடை மாத்திரைதான் இத்தா. எனக்கு சினைப்பையில நீர்க்கட்டி. மாசாமாசம் ஒழுங்கா வர டாக்டர் குடுத்தது. நீங்க பிடுங்குற இந்தத் தாடிக்கும் அதுதான் காரணம்.”

கையிலிருந்த முடியெடுக்கும் நூல் அறுந்துபோனது உம்மா.

போன விடுமுறையில் பாயிசாவின் அலமாரியில் அதே அட்டையைக் கண்டு, “யாருடி அவன்?” என்று தங்கையை அறைந்தேனே. நீங்கள் அதை அடுப்பில் போட்டீர்கள். “டாக்டர் குடுத்தது இத்தா” என்று அழுதாள். அவள் தாடையிலும் முடி இருந்தது. ஊரார் தாடையெல்லாம் பார்க்கிற எனக்கு அது உறைக்கவில்லை.

அவளை அந்த டாக்டரிடமே திரும்பக் கூட்டிப்போங்கள். தாடைக்கு அவள் பிளேடு போட்டால் திட்டாதீர்கள். என் போனை அவள் எடுப்பதில்லை. என்னோடு வேலை செய்யும் ஜமீலா லீவு முடிந்து திரூரிலிருந்து வரும்போது கொஞ்சம் காந்தாரி மிளகாய் கொடுத்தனுப்புங்கள். இங்கே சோறு இறங்கவில்லை.

பார்லருக்கு ஆள் வந்துவிட்டது, முடிக்கிறேன். முன்பின் தெரியாதவர்கள் தினமும் என் கையில் முகத்தைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். பாயிசா கொடுப்பாளா என்று கேட்டு எழுதுங்கள்.

சாபிரா