காளையோடு பிறந்த கிடாரி

கொழிஞ்சாம்பாறை,
12-11-1975

பத்து நிமிஷம் முந்திப் பிறந்துவிட்டு, பத்தொன்பது வருஷமாக நாட்டாமை செய்யும் பூவாத்தாள் அக்காவுக்கு, உன் இரட்டை எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், என் கணக்குப் பரீட்சையைத் தவிர.

நீ கல்யாணமாகிப் போன மாசம், இடுக்கி மலையிலிருந்து வந்த சீமைக்காளைச் சினை ஊசியில் ஒரு காளையும் கிடாரியும் சேர்ந்து பிறந்தனவே, அந்தக் கிடாரி நாலு ஊசிக்கும் சினை பிடிக்கவில்லை. தீனி மட்டும் நாலு மாட்டுக்குத் தின்கிறது. அய்யன், "கலப்பு மாடு, அதான் மலடு" என்கிறார். மாடு மேய்க்கும் பெரியமுத்து, "காளைகூடப் பொறந்த கிடாரி ஈனாதுங்க" என்கிறார்.

இதைத்தான் தீபாவளிப் பந்தியில் உன் வீட்டுக்கார மாமாவிடம் எடுத்துவிட்டேன்: "நீங்களும் காளைகூடப் பொறந்ததைத்தான் ஓட்டிட்டுப் போயிருக்கறீங்க மாமா, பார்த்துக்குங்க!" பந்தியே சிரித்தது. நீ மட்டும் ஏன் எழுந்து போனாய்?

உன் காளை,
குப்பண்ணன்

அகளி,
2-12-1975

அன்புள்ள தம்பிக்கு,

அத்தையும் அந்தப் பந்தியில்தான் இருந்தார்கள். சிரிக்கவில்லை. வீடு வந்ததும், "மூணு வருசமா ஒரு புள்ளையில்ல, ஏமாத்திப் போட்டாங்க. கூடப் பொறந்தவனே சொல்லிப்போட்டான்" என்றார்கள். ஆனைகட்டியில் உன் மாமாவுக்கு வேறு பெண் பார்த்தாயிற்று. அவரும் சரி என்றுவிட்டார். தை பிறந்தால் கல்யாணம்.

நீ சொன்னது நிஜமா தம்பி? ஒரே ஒரு தடவை, விளையாடாமல், விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு எழுது.

பூவாத்தாள்

கொழிஞ்சாம்பாறை,
9-12-1975

அக்கா,

மாட்டு டாக்டரைப் பிடித்துக் கேட்டுவிட்டேன். கலப்பு என்பதால் அது மலடு இல்லையாம். கலப்பு என்றால் காப்பியும் பாலும் மாதிரி. தாய் வித்தும் தகப்பன் வித்தும் ஒன்றாகி, உடம்பின் ஒவ்வொரு துளியிலும் இரண்டும் இருக்கும். நம் மற்ற கலப்புப் பசுக்கள் வருஷா வருஷம் ஈனவில்லையா?

இந்தக் கிடாரிக்கு வேறொன்று. கைமீராவாம் (பேர் சினிமாக்காரி மாதிரி இல்லை?). ஒரே மூட்டையில் நெல்லையும் ராகியையும் கொட்டினது போல, ஓர் உடம்பில் இரண்டு உயிரின் ரத்தம். பக்கத்தில் கிடக்கும், ஒன்றாகாது. வயிற்றில் இரண்டு கன்றின் ரத்தக்குழாயும் ஒட்டிக்கொண்டு, காளையின் ரத்தம் ஏறி, கிடாரியின் கர்ப்பப்பை வளராமல் போய்விட்டது. மனுஷரில் ஆணோடு பிறந்த பெண்ணுக்கு அப்படி ஆவதில்லை.

வயிற்றில் நான் உன்னைக் கெடுக்கவில்லை அக்கா. வெளியே வந்துதான் கெடுத்தேன்.

டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள் உள்ளே. அத்தைக்குப் படித்துக் காட்டு. மாமாவும் ஆஸ்பத்திரியில் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமாம்.

குப்பண்ணன்

அகளி,
3-1-1976

தம்பி,

படித்துக் காட்டினேன். "மாட்டு டாக்டர் எழுதுனதை மனுசிக்குக் காட்டறயா?" என்று கிழித்துவிட்டார்கள். பந்தியில் மாட்டை வைத்து நீ சொன்னது மட்டும் எனக்குப் பொருந்துமாம். பரிசோதனை என்றதும் உன் மாமா என்மேல் கை நீட்டிவிட்டார். கல்யாணப் பத்திரிகை அடித்தாயிற்று.

எனக்கு ஒன்று மட்டும் எழுது. ஈனாத கிடாரியை அய்யன் என்ன செய்தார்? அது தெரிந்த பிறகுதான் நான் அங்கே வரலாமா என்று யோசிக்க வேண்டும்.

பூவாத்தாள்

கொழிஞ்சாம்பாறை,
7-1-1976

அக்கா,

போன சந்தையில் கறிக்குக் கொடுத்தாயிற்று. கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனவன் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அகளிக்கு வருகிறேன். நீ கிளம்பாவிட்டாலும் வருகிறேன்.

குப்பண்ணன்