திருப்பிச் சொல்லச் சொன்ன மச்சானுக்கு

மச்சான்,

நேற்றுக் காலையில் என் போனைக் காணவில்லை. கரைக்குப் படகுகள் வந்துவிட்டன, நான் மீன் ஏலம் தொடங்க வேண்டும், ஐஸ் லாரிக்காரர் கூப்பிடுவார், வியாபாரிகள் கூப்பிடுவார்கள். நானோ கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் எங்கே இருந்தது தெரியுமா? சாப்பாட்டு மேசைமேல், நீ திருச்செந்தூரில் கருப்பட்டி வாங்கி வந்த பனையோலைப் பெட்டிக்குள். முந்தின நாள் சாப்பிட உட்கார்ந்தபோது உன் தங்கச்சி அதை என் கையிலிருந்து வாங்கி உள்ளே போட்டு மூடியிருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லார் போனும் பெட்டிக்குள் என்பது நீ போட்ட சட்டம். மூடியைத் திறந்ததும் கருப்பட்டி வாசம் முகத்தில் அடித்தது, கூடவே உன்மேல் கோபமும் வந்தது. ஆளே போய்விட்டான், அவன் போட்ட சட்டம் மட்டும் போக மாட்டேன் என்கிறது.

உன் பேச்சு வந்தால் கரையில் எல்லாரும் "தங்கமான மனுசன்" என்கிறார்கள். அவர்களுக்கென்ன, அவர்கள் வீட்டிலா நீ வந்து உட்கார்ந்தாய்? கப்பல் வேலையை முடித்துக்கொண்டு நீ ஊர் திரும்பியபோது கொஞ்சம் சாக்லேட்டும் ஏராளமான நல்ல பழக்கங்களும் கூடவே வந்து இறங்கின. புன்னைக்காயலில் உங்கள் அப்பா வீடு இருந்தும் பாதி நாள் திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டில்தான் இருப்பாய். எழுந்ததும் படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஓரத்தை மடக்கிச் செருகுவாய். உன்னுடையதோடு நிறுத்தினாயா? நான் படுத்திருக்கும்போதே என்னுடையதையும் இழுப்பாய். பிறகு சொந்தக்காரர்கள் குரூப்பில் ஒரு குரல் செய்தி: "எல்லாருக்கும் வணக்கம். நேத்து யாருகிட்டயாவது நன்றி சொன்னியளா? சொல்லலன்னா இன்னைக்குச் சொல்லிருங்க." ஒருநாள் உன் தொல்லை தாங்காமல் நான் ஐஸ் லாரிக்காரருக்கு நன்றி சொல்லப் போக, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அண்ணாச்சி, ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார்.

இதில் பெரிய வேடிக்கை, நீ கல்யாணமே கட்டாதவன். அப்படிப்பட்டவன் எனக்குக் குடும்பம் நடத்தச் சொல்லிக்கொடுக்க வந்தாய். உன் முகத்துக்கு நேராகவே இதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். உனக்கு உறைத்தால்தானே! "நீ வள்ளத்துக்குள்ள இருக்க மாப்ள. அது கோணலாப் போறது வெளிய நிக்கிற எனக்குத்தாம்ல தெரியும்" என்று சிரிப்பாய்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் தாங்க முடியாமல் போனது ஒன்றுதான். நீ பெரிய கப்பல்களில் சுக்கான் பிடித்தவன். வலப்பக்கம் இவ்வளவு திருப்பு என்று கேப்டன் உத்தரவு போட்டால், சுக்கானி அந்தச் சொல்லை அப்படியே வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். தப்பாகக் கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இல்லாவிட்டால் கப்பல் எங்காவது போய் முட்டி நிற்கும். நல்ல ஏற்பாடுதான், கப்பலுக்கு. நீ அதை எங்கள் அடுப்படிக்குக் கொண்டுவந்தாய். வீட்டில் ஒருவர் சொன்னதை மற்றவர் முதலில் திருப்பிச் சொல்ல வேண்டுமாம், பதிலெல்லாம் அதற்குப் பிறகுதானாம். குழம்பில் உப்பு கூடிப்போனதற்குக்கூட இந்தச் சடங்கு.

ஒரு சனிக்கிழமை உன் தங்கச்சி பிலோமி மீன் அறுத்துக்கொண்டே, "என்னங்க, நாளைக்குப் பூசைக்கு நீங்களும் கூட வாங்க" என்றாள்.

"ஆமா, நான் மாதா கோயில் பக்கமே எட்டிப் பாக்கதில்ல. ஊரக் கூட்டிச் சொல்லு" என்றேன் நான்.

நீ பேப்பரைத் தாழ்த்தினாய். "மாப்ள, அவ என்ன சொன்னா? திருப்பிச் சொல்லு."

"நான் கோயிலுக்கு வாரதில்லன்னு குத்திக்காட்டுதா."

"அவ அப்படியா சொன்னா?"

"அதுக்கு அர்த்தம் அதுதான் மச்சான்."

"அர்த்தத்த ஒன்கிட்ட யாருலே கேட்டா? அவ வாயில வந்தத மட்டும் சொல்லு. நீ நெனச்சத அதுல சேக்காத."

பல்லைக் கடித்துக்கொண்டு, "நாளைக்குப் பூசைக்கு நானும் கூட வரணும்னு சொல்லுதா" என்றேன். பிலோமி அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்தாள். "ஆமா. மக எடுத்துக் குடுத்த சேலயக் கெட்டலாம்னு இருக்கேன். நீங்க கூட வந்தா நல்லாருக்கும்" என்றாள். அவ்வளவுதான் விஷயம். நீ ஜெயித்துவிட்ட முகத்தோடு மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டாய். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதெல்லாம் எனக்குச் சரிப்படாது, நான் ஏலம் விடுகிறவன், என் வாய்க்கு இருக்கிற வேகம் காதுக்குக் கிடையாது என்று உன்னிடம் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. மறுநாள் கரைக்கே வந்து ஒரு படகில் சாய்ந்துகொண்டு நின்றாய். விளமீன் கூடைகள் வரிசையாக இருந்தன. வியாபாரி ஒருவர் விலை சொல்வார், நான் அதை உரக்கத் திருப்பிச் சொல்வேன், அடுத்தவர் கூட்டிச் சொல்வார், அதையும் திருப்பிச் சொல்வேன். ஏலம் முடிந்ததும் நீ வந்து என் தோளில் கையைப் போட்டாய். எல்லார் காதிலும் விழும்படி, "ஏலே, முகந்தெரியாதவன் சொன்னதையெல்லாம் காலையில இருந்து ஒண்ணு விடாமத் திருப்பிச் சொல்லுத. ஒம் பொண்டாட்டி சொன்னா மட்டும் காது ஏன் அடைச்சிக்கிடுது?" என்றாய். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள்வரை சிரித்தார்கள். அன்று மத்தியானம்வரை நான் உன்னோடு பேசவில்லை. அதற்குமேல் பேசாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் நீ எங்கள் வீட்டில்தான் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய்.

நான் அந்தப் பழக்கத்தைக் கடைசிவரை பழகவில்லை. நீதான் பழக விடவில்லை என்று சொல்வேன். சாயங்காலமானால் கொல்லைப்பக்கம் பிலோமி இறால் உரிக்க உட்காருவாள், நீ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்காருவாய். சென்னையில் இருக்கிற எங்கள் மகள் போனில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் வைத்துவிடுகிறாள் என்பாள். "வச்சிருதான்னு சொல்லுத" என்பாய். முட்டி வலிக்கிறது என்பாள். "முட்டி வலிக்குன்னு சொல்லுத" என்பாய். அறிவுரை சொல்ல மாட்டாய், மருந்து சொல்ல மாட்டாய். கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டே நான், "கிளிப்பிள்ள ஒண்ணு வளக்கோம் வீட்டுல" என்று கத்துவேன். ஆனால் இறால் உரித்து முடித்து அவள் எழுந்து வரும்போது முகம் தெளிந்திருக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன். என் வேலையை நீ செய்துகொண்டிருந்தாய், மச்சான். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

பிறகு நீ பாட்டுக்குக் கிளம்பிவிட்டாய். கடற்கரையில் நடந்துவிட்டு வந்து தண்ணீர் கேட்டாய். அவள் செம்போடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சூடான தண்ணீர், வேகநடை, அளவுச் சாப்பாடு என்று எங்களை வாட்டியெடுத்த மனிதன் நீ. எந்த நல்ல பழக்கமும் இல்லாத நான் கல்லு மாதிரி இருக்கிறேன். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

முப்பதாம் நாள் பூசையும் முடிந்தது. உன் தங்கச்சி உன் சட்டங்களையெல்லாம் விடாமல் நடத்தினாள், ஆனால் அவள் பேச்சு குறைந்துவிட்டது. சில சமயம், "அண்ணன் வந்து..." என்று தொடங்குவாள். நான் உடனே, "போனவன் போயிட்டான். நீ மொதல்ல சாப்பிடு" என்பேன். ஆறுதல் என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். அவள் எழுந்து போய்விடுவாள்.

நேற்று போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் சத்தம் போட்டபோது அவள் அறைக்குள்ளிருந்து வெளியே வந்தாள். கையில் துணிப்பை.

"நான் புன்னைக்காயல் போறேன். அண்ணன் வீட்டுல..."

"அப்போ என்னைய விட்டுட்டுப் போற. போ. ஒரு போன எங்க வச்சன்னு கேட்டா அதுக்கு இவ்வளவு ரோசமா?"

"நான் இன்னும் முடிக்கல." அவள் குரல் உயரவே இல்லை. "ஒரு வாரமாச் சொல்ல வாரேன். ஒரு நாளாவது முடிக்க விட்டியளா? இன்னைக்கும் நீங்க கேக்கலன்னா நான் போயி அங்கனயே இருந்துருவேன். திரும்பி வரமாட்டேன்."

பிலோமி சும்மா மிரட்டுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். வாழ்நாளில் அவள் என்னிடம் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்த நேரம் பார்த்துக் கரையிலிருந்து போன் அடித்தது. அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"சொல்லு" என்றேன்.

"எங்க அண்ணன் செத்துப்போனான்" என்றாள்.

எனக்குத்தான் எதற்கும் ஒரு பதில் வாயில் தயாராக இருக்குமே, இதற்கும் இருந்தது. அதை விழுங்கினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை, உன் பாழாய்ப்போன முறை ஒன்றுதான் கையில் இருந்தது. "ஒங்க அண்ணன்..." என்று தொடங்கினேன். கரை முழுக்கக் கேட்கிற தொண்டை, மச்சான், அதற்கு மேல் எழும்பவில்லை. உன்னைத் தூக்கிப் போனவர்களில் நானும் ஒருவன். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் போய்விட்டான் என்றேன், தவறிவிட்டான் என்றேன், ஆண்டவர் கூப்பிட்டுக்கொண்டார் என்றேன். அவள் சொன்ன அந்தச் சொல்லை மட்டும் நான் வாயில் எடுத்ததே இல்லை. அது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவள் உதவிக்கு வராமல் காத்திருந்தாள், நீ காத்திருப்பாயே, அந்த மாதிரி. "செத்துப்போனான்" என்று முடித்தேன். முடித்த பிறகு என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். உன்னை அடக்கம் செய்த அன்றுகூட நாங்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து அழவில்லை. கூட்டத்தைக் கவனிக்கவே சரியாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவன் வீட்டத் தொறக்கணும். துணிமணியெல்லாம் அப்படியே கெடக்கு. தனியாப் போவ எனக்குப் பயமா இருக்கு. நீங்களும் கூட வாங்கன்னு சொல்லத்தான் ஒரு வாரமா அலையுதேன்" என்றாள்.

"வீட்டத் தொறக்கணும். தனியாப் போவ ஒனக்குப் பயமா இருக்கு. நானும் கூட வரணும்" என்றேன். ஒன்றும் சேர்க்கவில்லை.

"ஆமா" என்றாள்.

அதனால் இன்று ஏலத்தை என் தம்பியிடம் விட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறி வந்தோம். கற்ற ஜோரில் வழியெல்லாம் அவள் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தேன். வெயில் அடிக்கிறது என்றாள், வெயில் அடிக்கிறது என்றேன். ஜன்னலைச் சாத்துங்கள் என்றாள், அதையும் சொன்னேன். ஆத்தூர் வருவதற்குள், "எல்லாத்துக்கும் வேண்டாம், அறுக்காதிய" என்று சொல்லிவிட்டாள். எதற்குச் சொல்ல வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதையாவது நீ சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்தால் இப்படித்தான்.

உன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உள்ளே கட்டில் விரிப்பு நீ இழுத்துச் செருகியபடியே இருக்கிறது. அதில் உட்கார எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை. பிலோமி தரையில் உட்கார்ந்து உன் சட்டைகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். சற்று முன் அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"என்னங்க, எனக்கு அவன் இல்லாம என்னமோ போல இருக்கு."

"அவன் இல்லாம ஒனக்கு என்னமோ போல இருக்கு" என்றேன்.

"ஆமா" என்றாள். மடித்த சட்டையை ஓரமாக வைத்துவிட்டு, "ஒங்களுக்கு?" என்று கேட்டாள்.

இதைத் திருப்பிச் சொல்லித் தப்பிக்க முடியாது, மச்சான். இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு நீ ஒரு வழியும் சொல்லித்தரவில்லை. அவள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறாள். நான் எழுந்து உள்ளே போகிறேன்.