ஜீவா நிரப்பித் தந்த தோட்டா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? மல்லசமுத்திரத்தில் மழை உண்டா?

இந்த ஆஸ்திரேலியப் பண்ணையில் பயிரைத் தின்னும் முயல்களைச் சுடுவதுதான் எனக்கும் அத்தை மகன் ஜீவாவுக்கும் வேலை. பார்வைக்கு எல்லாத் தோட்டாவும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு ரகத் தோட்டாதான் ஒத்துவரும். ஐந்து ரகத்தைக் காகிதத்தில் சுட்டுப் பார்த்து, ஒரே இடத்தில் விழுந்த ரகத்துக்குத் துப்பாக்கியின் குறிபார்க்கும் ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்திருந்தேன். அதை ஜீவாவிடம் மட்டும் சொன்னேன்.

எங்களில் ஒருவரை நிரந்தரமாக்க முதலாளி சோதித்த அன்று, அத்தை மகன்தானே என்று தோட்டா நிரப்ப அவனிடமே கொடுத்தேன். மூன்று குறியும் தவறின. பிறகு சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளைப் பொறுக்கிப் பார்த்தால், அடியில் வேறு கம்பெனி முத்திரை. கேட்டதற்கு, "கைல வாங்கறப்பவே நீ பாத்திருக்கோணும் மாப்ள" என்றான். வேலை அவனுக்கே கிடைத்தது.

பெரிதாக ஒன்றுமில்லை. வேறு பண்ணையில் கூப்பிட்டிருக்கிறார்கள், இன்றே கிளம்புகிறேன். அத்தையிடம் எதுவும் கேட்காதீர்கள். வெளியே வண்டி ஹாரன் அடிக்கிறது. எங்களுக்கு அனுப்பும் பருப்புப்பொடி இனி ஒரு ஆளுக்கு மட்டும் அரைத்தால் போதும் அம்மா.

செங்கோடன்