மாலை மாற்றும்போது ஒரு பாட்டு

உ
முருகன் துணை

கீரனூர்
6-6-57

பினாங்கில் இருக்கும் என் மகன் நாகராசுவுக்கு அப்பா ஆண்டியப்பன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் ஆத்தாவும் தங்கச்சி ராசாத்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று நார்த்தாமலை அம்மனை வேண்டிக்கொள்கிறோம். தலைவலி என்று எழுதியிருந்தாய், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, கடையில் விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்து கணக்கு எழுதாதே என்று ஆத்தா சொல்கிறாள். சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. மழைதான் இன்னும் இல்லை. ஆத்தா சொல்கிறாள் என்று எழுதிவிட்டேனே தவிர அவள் என்னிடம் சொல்லவில்லை, கொஞ்ச நாளாக என்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் பசுவிடம்தான் சொல்கிறாள், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் நான்தான். அதை உனக்கு மறைக்கக்கூடாது என்றுதான் இந்தக் கடிதம்.

ராசாத்தியைக் குளத்தூர் உடையப்பன் மகனுக்குக் கேட்டு வந்திருக்கிறார்கள், பையன் பெயர் கண்ணுசாமி, வாத்தியார் வேலை, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். போன மாதம் பேசி முடிக்க வந்தார்கள். தேங்காய் பழம் பூ எல்லாம் தட்டில் வைத்தாகிவிட்டது, ஆத்தா பாயசம் வைத்திருந்தாள், உடையப்பன் இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தார். நம் வழக்கப்படி கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில், பந்தலும் மேளமும் அவர்கள் பாடு. இது எனக்குத் தெரியாததா? ஆனால் அந்த மனுசன் வாயைத் துடைத்துக்கொண்டு, மேளம் சொல்லியாச்சு, தவுலுக்கு செல்லமுத்து வாராருன்னு சொன்னதும் எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ. தவுல் அழகுமலை என்றால் எனக்கு எப்படி என்று உனக்குத் தெரியும். விராலிமலையில் வாசித்தாலும் ஆவுடையார்கோயிலில் வாசித்தாலும் பஸ் பிடித்துப் போய் முன்னால் உட்காருகிறவன் நான். அவர் வலது கை விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேசும், எவ்வளவு வேகத்திலும் ஒரு சொல் இன்னொரு சொல்லின் மேல் ஏறாது. சரி, அதை விடு. பேச ஆரம்பித்தால் இப்போதும் நிறுத்த மாட்டேன், அந்தக் குணம்தான் அன்றைக்குக் குடியைக் கெடுத்தது. எம்மக கழுத்துல தாலி ஏறயில தகர டின்னத் தட்டுற சத்தமா கேக்கணும்னு கேட்டுவிட்டேன். நம் வீட்டில் நம் பாயில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக் கேட்டேன். நான் அழகுமலைக்கு எப்படியோ அப்படி உடையப்பன் செல்லமுத்துவுக்கு, அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார், அவர் சம்சாரம் பிரகதாம்பாள் கொண்டுவந்த தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். பையன் மட்டும் வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

ராசாத்தி அழுவாள் என்று நினைத்தேன். அழுதிருந்தால்கூடத் தேவலை. மறுநாள் காலை அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, ஏம்ப்பா, அழகுமல எந்தக் கோயில்ல எந்த வருசம் என்ன வாசிச்சாருன்னு ஒங்களுக்குத் தெரியும், எனக்குப் பிடிச்ச பாட்டு எதுன்னு தெரியுமான்னு கேட்டாள். நான் முழித்தேன். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு அவரு தங்கச்சி மூலமா கேட்டு விட்டாரு, நானும் சொல்லி அனுப்புனேன், அவருக்கும் அதே பாட்டுத்தானாம்ப்பான்னு சொல்லிவிட்டுக் காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தம்பி, எந்தத் தவுல் வாசித்தால் அவர்களுக்கு என்ன? முன்பின் தெரியாத இரண்டு பிள்ளைகள் ஒரு பாட்டை வைத்து ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டிருக்கிறார்கள், அதில் போய் நான் மண்ணை அள்ளிப் போட்டேன்.

வெட்கத்தைப் பார்த்தால் ஆகாது என்று நானே குளத்தூருக்குப் போனேன். உடையப்பன் வாங்க என்று சொன்னார், மோர் கொடுத்தார், பேச்சு மட்டும் இல்லை. நான் சொன்னது தப்புத்தான் என்றேன். அவர் கோபப்படாமல், அவரு வாசிச்சு நீங்க எங்க கேட்டீங்கன்னு கேட்டார். உனக்குச் சொல்வதற்கு என்ன, ஒரு தடவை ஏதோ ஊர்த் திருவிழாவில் அவர் வாசிக்கும்போது நான் போன பஸ் அந்தப் பக்கம் திரும்பியது, ஜன்னல் வழியாகக் காதில் விழுந்ததுதான். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருசமாக அந்த மனுசரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கெழம எங்க பிள்ளையார் கோயில் கும்பாபிசேகத்துக்கு அவருதான், வந்து ஒக்காந்து கேளுங்க, கேட்டுட்டு அப்பவும் தகர டின்னுன்னு தோணுனா சொல்லிட்டுப் போங்கன்னார்.

போனேன். அவர்கள் ஊர் ஆட்கள் நடுவில் உட்காரவைத்தார்கள், எல்லாருக்கும் விசயம் தெரிந்திருக்கிறது, மேளத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார்கள். கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்லமுத்து ஒல்லியான ஆள், அவசரமே இல்லை. வெயிலில் வியர்வை ஒழுக, நாயனக்காரர் எங்கே மூச்சு விடுவார் என்று பார்த்துப் பார்த்து அந்த இடத்தில் மட்டும் மெதுவாக எடுத்துக் கொடுத்தார். அழகுமலை தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவார், இந்த மனுசன் பக்கத்தில் இருப்பவனைக் காட்டுகிறார். இப்போதும் கேட்டால் விரல் சுத்தம் அழகுமலைக்குத்தான் என்று சொல்வேன், ஆனால் எப்போது என் கை மடியைவிட்டு வந்து தொடையில் தாளம் போட ஆரம்பித்தது என்று எனக்கே தெரியாது. பக்கத்தில் உடையப்பன் குனிந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் எல்லார் முன்னாலும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். உள்ளே இருந்து பிரகதாம்பாள் பழைய தட்டிலேயே பூவும் தேங்காயும் வைத்துக் கொண்டுவந்தாள். ஆவணியில் நாள் பார்ப்பது என்று பேச்சு. அப்போது உடையப்பன், மேளம் எங்க மேளம், அதுல மாத்தம் இல்ல, மால மாத்தயில நாயனத்துல வாசிக்க ஒரு பாட்டு மட்டும் ஒங்க விருப்பம், எது வேணும் சொல்லுங்கன்னு பெரிய மனசோடு கேட்டார். என்னிடம் கேட்டால் நான் நூறு சொல்லுவேன். வாயைத் திறந்தவன் அப்படியே நிறுத்திவிட்டேன். கண்ணுசாமி தூணோரமாக நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான், அவனுக்கு அந்தப் பாட்டுத் தெரியும். பெற்ற எனக்குத் தெரியாது. எழுதி அனுப்புறேன்னு சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து ராசாத்தியிடமே கேட்டேன். ஒங்க விருப்பம்ப்பா, ஒங்களுக்குப் பிடிச்சதச் சொல்லுங்கன்னாள். குத்திச் சொல்லவில்லை, நிசமாகவே சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆத்தாவைக் கேட்டால், அவ அடுப்படியில முணுமுணுப்பா, இவர் வர்ற சத்தம் கேட்டா நிறுத்திருவா என்று பசுவிடம் சொல்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் டூரிங் டாக்கீஸில் வாங்கிவந்த பாட்டுப் புத்தகங்களை நான் சத்தம் போடுவேன் என்று அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பீர்களாம், அதையும் ஆத்தா இப்போதுதான் பசுவிடம் சொல்கிறாள். சினிமாப் பாட்டெல்லாம் ஒரு பாட்டா என்று நான் கத்தியது எனக்கே ஞாபகம் இருக்கிறது. கிணற்றடியில் நீ தண்ணீர் இறைக்க அவள் குடத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் பாடுவீர்களாமே, அப்படியானால் உனக்குத் தெரிந்திருக்கும். முதல் அடியை மட்டும் எழுதினால் போதும், நாயனக்காரர் பிடித்துக்கொள்வார். அது எந்தப் பாட்டாக இருந்தாலும் சரி, செல்லமுத்துவே தவுல் வாசிக்கட்டும், நான் முன்னால் உட்கார்ந்து கேட்பேன்.

கடைக்காரரிடம் இப்போதே சொல்லி ஆவணிக்கு லீவு கேட்டு வை. கப்பலில் காதை மூடிக்கொண்டு வா, உனக்குக் காற்று ஆகாது. நீ நூறு வருசம் நன்றாக இருக்க வேண்டும், அம்மன் துணை இருப்பாள். கடிதம் கண்டதும் பாட்டை எழுதி அனுப்ப மறந்துவிடாதே. அதே காகிதத்தில் கீழே உனக்குப் பிடித்த பாட்டு எது என்றும் எழுது தம்பி. அதையும் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்படிக்கு
உன் அப்பா
கீ. ஆண்டியப்பன்